பெரிய உடம்புக்கு ஏற்ற மீன்பிடி கயாக்: வாங்கும் முன் ஓட்டிப் பார்க்க விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெக்சாஸில், ஆஸ்டின் வட்டாரத்து ஏரிகளில் கயாக்கில் போய் மீன் பிடிக்கும் ஆசை நம் ஆட்களிடம் வளர்ந்துகொண்டே வருகிறது. 250, 300 பவுண்டு எடையுள்ளவர்களுக்கு அந்த ஆசையோடு ஒரு தயக்கமும் சேர்ந்து வருகிறது. நானும் அந்த எடைக்காரன்தான். என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

எனக்கு 290 பவுண்டு எடை. கயாக் என்னைத் தாங்குமா?

தாராளமாகத் தாங்கும். கயாக் என்றதும் நம் கண்ணுக்கு வருவது இடுப்பு வரை உள்ளே நுழைத்து உட்காரும் ஒல்லியான படகு. மீன் பிடிக்கப் பெரும்பாலும் பயன்படுவது அது இல்லை. மேலே உட்காரும் வகை, நம் ஊர்க் கட்டுமரம் மாதிரி: மேல்தளத்துக்கு வரும் தண்ணீர் தானாக வடிந்துவிடும், உள்ளே சிக்கிக்கொள்ள இடமே கிடையாது. இதிலேயே 500, 600 பவுண்டு தாங்கும் படகுகள் கடையில் கிடைக்கின்றன. உங்களைத் தாங்குமா என்பது பெரிய விஷயமே இல்லை. உங்களைத் தாங்கிக்கொண்டு, நாள் முழுக்க நீங்கள் நிம்மதியாக மீன் பிடிக்கும் அளவுக்கு அது மிதக்குமா என்றுதான் பார்க்க வேண்டும். அது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

400 பவுண்டு தாங்கும் என்று போட்டிருக்கிறது. 290 பவுண்டுக்கு அது போதாதா?

போதாது. அந்த எண், கம்பெனி சொல்லும் உச்ச வரம்பு. வசதியாக ஓட்ட அதில் 70 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கயாக்காரர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. 400-க்கு 70 சதவீதம் 280. நீங்கள் ஏறி உட்கார்ந்ததுமே அது தாண்டிவிட்டது. இன்னும் தூண்டில், லூர் (போலி இரை) பெட்டி, ஐஸ் பெட்டி, தண்ணீர் பாட்டில், தண்ணீருக்கடியில் மீன் இருப்பதைக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டருக்கு பேட்டரி எல்லாம் பாக்கி. சாதாரணமாக ஒரு நாளைக்குக் கொண்டுபோகும் சாமான்களே 50, 60 பவுண்டு வந்துவிடும். பெடல் இயந்திரத்தின் எடையும் இருக்கையின் எடையும் அந்த 400-க்குள் சேர்ந்தவையா என்பதையும் கடையில் கேளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். உடனே மூழ்காது. படகு சில அங்குலம் கீழே இறங்கும். 12 அடி நீளம், 30 அங்குல அகலமுள்ள படகு, தோராயக் கணக்கில், 110 பவுண்டுக்கு ஓர் அங்குலம் இறங்கும். மேல்தளத்துத் தண்ணீர் வடிவதற்கென்று அடியில் ஸ்கப்பர் ஓட்டைகள் இருக்கும். படகு கூடுதலாக இறங்கினால் அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே ஏறி வரும், நீங்கள் ஈரத்திலேயே உட்கார்ந்திருப்பீர்கள். ஓட்டையை ரப்பர் அடைப்பானால் அடைக்கலாம்தான். ஆனால் அலை மேலே ஏறினால் அந்தத் தண்ணீர் வடிய வழி இருக்காது. அடைப்பான் இல்லாமலே கால் நனையாமல் இருக்கும் படகுதான் உங்களுக்குச் சரியான படகு.

அப்படியானால் எந்த மாடல்களைப் பார்க்கலாம்?

மூன்றைச் சொல்கிறேன். நூகனூ ஃபிரான்டியர் 12: நீளம் 12 அடி, அகலம் 41 அங்குலம், 650 பவுண்டு தாங்கும், வெறும் படகின் எடை 77 பவுண்டு. ஹோபி புரோ ஆங்லர் 14: அகலம் 38 அங்குலம், 600 பவுண்டு தாங்கும், காலால் மிதித்து ஓட்டுவது. ஓல்ட் டவுன் ஸ்போர்ட்ஸ்மேன் பிக்வாட்டர் பிடிஎல் 132: அகலம் 36 அங்குலம், 500 பவுண்டு தாங்கும், இதுவும் பெடல் வகை. முதல் படகாக, அதிகம் செலவு செய்யாமல், துடுப்பால் ஓட்ட நினைக்கும் பெரிய உடம்புக்காரருக்கு நான் முதலில் சொல்வது ஃபிரான்டியர் மாதிரி அகலமான, இருக்கை உயரமான படகு.

அகலம் அவ்வளவு முக்கியமா?

ஆமாம், நாம் நினைப்பதைவிட முக்கியம். படகு சாயும்போது அதை நிமிர்த்தும் விசையில் அகலத்தால் வரும் பங்கு, அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 30 அங்குலத்திலிருந்து 36-க்குப் போனால் சுமார் 1.7 மடங்கு. 41-க்குப் போனால் இரண்டரை மடங்கு. அதனால்தான் பார்க்க ஒரு சாண் வித்தியாசம்தான் என்றாலும், உட்கார்ந்தவுடன் வேறு உலகமாக இருக்கிறது.

எதிர்ப்பக்கம் இழுப்பது உயரம். இருக்கை உயர உயர உங்கள் எடையும் மேலே போகும், ஆட்டம் கூடும். வயிறும் தோளும் கனமானவர்களுக்கு எடை ஏற்கெனவே மேல்பக்கம்தான் இருக்கிறது. எனவே இருக்கைக்கு உயர்ந்த நிலை, தாழ்ந்த நிலை இரண்டும் இருந்தால் இரண்டிலும் உட்கார்ந்து பாருங்கள். உயர்ந்த நிலையில் எழுவது சுலபம், முழங்காலுக்கு இதம். அதில் ஆட்டம் அதிகமாக இருந்தால் அந்தப் படகு உங்களுக்குக் குறுகல் என்று அர்த்தம்.

லேசாக ஆடினாலே பயமாக இருக்கிறது. அது கவிழப் போகிற அறிகுறியா?

பெரும்பாலும் இல்லை. அடிப்பாகம் தட்டையான படகு தொடக்கத்தில் அசையவே அசையாது, ஆனால் ஓர் எல்லையைத் தாண்டிச் சாய்ந்தால் சட்டென்று கவிழும். அடி வளைவாக, விளிம்பு அகலமாக இருக்கும் படகு முதலில் கொஞ்சம் ஆடும், பிறகு ஓரிடத்தில் பிடித்து நிற்கும். இந்த இரண்டையும் பிரித்து உணர, முழங்கால் அளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே இடுப்பை இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள். படகு எங்கே பிடித்து நிற்கிறது, எங்கே பிடியை விடுகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பயம் பாதி போய்விடும்.

எங்கே போய் ஓட்டிப் பார்ப்பது?

கயாக் விற்கும் கடைகள் பலவும் ஏரிக்கரையில் டெமோ நாள் வைக்கின்றன. தண்ணீர்க்கரையிலேயே இருக்கும் கடையில் கேட்டால் மற்ற நாளிலும் விடுவார்கள். ஓட்டிப் பார்க்க விடாத கடையில் இவ்வளவு பெரிய படகை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஆஸ்டின் நகருக்குள் லேடி பேர்ட் லேக் நல்ல இடம். 1960-இல் லாங்ஹார்ன் அணை கட்டியபோது உருவானது, பெட்ரோல் மோட்டார் படகுக்கு அனுமதி இல்லை, அதனால் அலை தொந்தரவு குறைவு. லார்ஜ்மவுத் பாஸ் மீனும் உண்டு. ஆனால் அங்கே 1964 முதல் நீந்தத் தடை, ஆகவே கவிழ்ந்து மீண்டும் ஏறும் பயிற்சிக்கு அது இடமில்லை. அதற்கு பாஸ்ட்ராப் ஏரிப் பக்கம் போகலாம். மின்நிலையத்தின் சூட்டால் அந்தத் தண்ணீர் குளிர்காலத்திலும் மற்ற ஏரிகளைவிட வெதுவெதுப்பாக இருக்கும். லேக் ஆஸ்டினில் வார இறுதியில் வேக்போர்டு படகுகளின் (பலகையில் நிற்பவரை வேகமாக இழுத்துப் போகும் மோட்டார் படகுகள்) அலை அதிகம். புதிதாகப் பழகுபவர் வார நாள் காலையில் போகலாம்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

வழக்கமாக மீன் பிடிக்கப் போகும்போது என்னென்ன எடுப்பீர்களோ அத்தனையும். வெறுங்கையோடு போய் ஓட்டிப் பார்த்தால் பாதி எடையோடு பார்த்த மாதிரிதான். ஐஸ் பெட்டியில் ஐஸும் தண்ணீர் பாட்டிலும் நிரப்பிக்கொள்ளுங்கள். உங்கள் லைஃப் ஜாக்கெட், நீங்கள் போடும் அதே செருப்பு அல்லது ஷூ, ஒரு மாற்றுத் துணி. கூடவே கரையில் நின்று பார்க்க ஓர் ஆள். அந்த ஆள் கட்டாயம் வேண்டும், ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

தண்ணீரில் இறங்கியதும் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

ஏறுவதிலிருந்து தொடங்குங்கள். கரையில் பாதி, தண்ணீரில் பாதியாகப் படகை வைத்து ஏறக் கூடாது. நடுவில் தாங்கல் இல்லாமல் அப்போதுதான் அதிகம் ஆடும். முழங்கால் அளவுத் தண்ணீரில் முழுதாக மிதக்க விட்டு, இருக்கைக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்று, முதலில் உட்காருங்கள். அப்புறம் ஒவ்வொரு காலாக உள்ளே. இறங்கும்போது இரண்டு காலையும் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, தரை தட்டியதும் எழுந்திருங்கள். சிமென்ட் சரிவில் பாசி வழுக்கும், கவனம்.

உட்கார்ந்த பிறகு இருக்கை. கைப்பிடிக் குழாய்கள் தொடையை அழுத்துகின்றனவா? துணி நடுவில் தொய்ந்து அடிச்சட்டம் இடுப்பெலும்பில் படுகிறதா? ஐந்து நிமிடத்தில் தெரியாது, அரை மணி நேரம் இருங்கள். கால் தாங்கியைப் பின்னுக்கு இழுத்து முழங்கால் லேசாக மடியும்படி வைத்துப் பாருங்கள். துடுப்பு போடும்போது கை முழங்காலில் இடித்தால் இன்னும் சரிசெய்ய வேண்டும்.

இப்போது கரையில் நிற்பவரைப் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் முன்முனையும் பின்முனையும் தண்ணீரிலிருந்து ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் பின்பக்கம் அமுங்கி, மூக்கு வானத்தைப் பார்க்கும். அப்படி இருந்தால் படகு நேராகப் போகாது, சின்னக் காற்றுக்கும் மூக்கு திரும்பும். இருக்கையை முன்னே நகர்த்த முடியுமென்றால் இரண்டு அங்குலம் நகர்த்துங்கள், ஐஸ் பெட்டியைப் பின்னாலிருந்து முன்னால் வையுங்கள், மறுபடி படம் எடுங்கள். இருக்கை நகராத படகில் பெரிய உடம்புக்காரருக்கு இதைச் சரிசெய்வது கஷ்டம். நான் தண்டவாளத்தில் நகரும் இருக்கையை விரும்புவது இதனால்தான். படகில் இருக்கும் உங்களுக்கு இந்தச் சாய்வு கண்ணில் படவே படாது.

கடைசியாகக் காலடியைப் பாருங்கள். ஸ்கப்பர் ஓட்டையில் தண்ணீர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறதா, மேலே வந்து தேங்குகிறதா? எட்டிப் பார்த்தால் பரவாயில்லை. தேங்கினால் வேறு படகு பாருங்கள்.

இந்த உடம்போடு எழுந்து நின்று தூண்டில் வீச முடியுமா?

முடியும். பாதங்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, கால் மேல் எடையை முன்னே கொண்டுவந்து, மெதுவாக எழ வேண்டும். பிடித்து எழ முன்னால் ஒரு வார் கட்டிக்கொள்ளலாம், பல படகுகளில் அதுவே கூட வரும். நின்றதும் காலைப் பார்க்காமல் எதிர்க்கரையைப் பாருங்கள், உடம்பு தானாகச் சமாளிக்கும். முழங்காலை இறுக்க வேண்டாம். ஆட்டம் வந்தால் நிமிர்ந்து தவிக்காமல் அப்படியே இருக்கையில் உட்கார்ந்துவிடுங்கள்.

கவிழ்வது பெரும்பாலும் நிற்கும்போது இல்லை. பக்கத்தில் வந்த மீனை எட்டிப் பிடிக்கும்போது, பின்னாலிருக்கும் பெட்டியைத் திரும்பி எடுக்கும்போதுதான். தலை படகின் விளிம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீனுக்கு நீளக் கைப்பிடி வலை வைத்திருங்கள். கையிலிருந்து ஏதாவது நழுவினால் விட்டுவிடுங்கள், அதைப் பிடிக்கப் பாய வேண்டாம்.

கவிழ்ந்துவிட்டால் மறுபடி ஏற முடியுமா?

இதைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வேன். அகலமான படகு நிமிர்ந்திருக்கும்போது எவ்வளவு உறுதியோ, குப்புறக் கவிழ்ந்த பிறகும் அவ்வளவு உறுதி. 38, 41 அங்குல அகலப் படகைத் தண்ணீரில் மிதந்தபடி புரட்ட வெறும் கை போதாது.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. பக்கவாட்டுக் கைப்பிடியில் எப்போதும் ஒரு பத்தடிக் கயிறு கட்டி வையுங்கள். கவிழ்ந்தால் அந்தக் கயிற்றைப் படகின் அடிமேல் குறுக்கே போட்டு, எதிர்ப்பக்கம் வந்து, விளிம்பில் காலை ஊன்றி, பின்னால் சாய்ந்து இழுக்க வேண்டும். உங்கள் எடை உங்களுக்கு உதவும் இடம் இது. படகு உங்கள் பக்கமாகப் புரளும், தலையில் படாமல் ஒதுங்குங்கள்.

ஏறுவதற்கு, படகின் நடுவில் பக்கவாட்டில் வந்து, காலை அடித்து உடம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கால் படகுக்கு அடியில் தொங்கினால் ஏறவே முடியாது. காலை அடித்தபடியே எதிர்ப்பக்க விளிம்பை எட்டிப் பிடித்து, வயிறு குறுக்கே விழும்படி இழுங்கள். பிறகு மல்லாந்து புரண்டு உட்கார்ந்து, கால்களை உள்ளே எடுங்கள். கையில் அவ்வளவு பலம் இல்லையென்றால், வாரில் ஒரு வளையம் செய்து தண்ணீருக்குள் தொங்கவிட்டு அதில் கால் வைத்து ஏறலாம். வளையத்தில் கால் சிக்காதபடி அகலமாக இருக்கட்டும்.

பெட்டிகளையெல்லாம் கரையில் வைத்துவிட்டு, லைஃப் ஜாக்கெட்டோடு, கழுத்தளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஆள் நிற்க, இதைச் செய்து பாருங்கள். உங்களால் மறுபடி ஏற முடியாத படகில் தனியாகப் போகாதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுப்பேன், இதில் மட்டும் மாட்டேன்.

என் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் கிடைக்குமா?

கிடைக்கும். எடையைப் பார்த்து வாங்காமல் மார்புச் சுற்றளவைப் பார்த்து வாங்குங்கள். கனமான ஆளுக்குக் கூடுதல் மிதப்பு வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீரில் தலையை மேலே வைக்கப் பெரும்பாலான பெரியவர்களுக்கு 7 முதல் 12 பவுண்டு கூடுதல் மிதப்பே போதும் என்கிறது அமெரிக்கக் கடலோரக் காவல்படை. கொழுப்பு மிதக்கும். முதுகுப்பக்கத்துத் திணிப்பு மேலே தூக்கி வைத்திருக்கும் கயாக் மாடலாகப் பாருங்கள், இல்லையென்றால் இருக்கையின் சாய்மானம் அதை மேலே தள்ளிக் கழுத்தை இடிக்கும். போட்டுக்கொண்டு, தோள்பட்டையைப் பிடித்து ஒருவரை மேலே இழுக்கச் சொல்லுங்கள். காது வரை வந்தால் பெரிது.

டெக்சாஸ் சட்டப்படி படகில் ஆளுக்கு ஒன்று இருந்தால் போதும், 13 வயதுக்கு உட்பட்டவர்கள் கட்டாயம் அணிய வேண்டும். ஆனால் நீங்களும் அணியுங்கள். கவிழ்ந்த பிறகு தண்ணீருக்குள் அதை மாட்டுவது நடக்கிற காரியமில்லை.

பெடலா, துடுப்பா?

பெடல் இருந்தால் இரண்டு கையும் தூண்டிலுக்குக் கிடைக்கும், காற்றிலும் இடத்தில் நிற்கலாம். விலையும் எடையும் நிறையக் கூடும். பெரிய வயிறு உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சைக்கிள் போல் சுற்றும் பெடலில் முழங்கால் உயரமாக மேலே வந்து வயிற்றில் இடிக்கலாம். ஹோபியின் பெடல் முன்னும் பின்னும் தள்ளுவது, முழங்கால் அவ்வளவு எழும்பாது. இரண்டையும் இருபது நிமிடமாவது மிதித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

துடுப்பு எவ்வளவு நீளம்?

36 அங்குலத்துக்கு மேல் அகலம், உயரமான இருக்கை என்றால் 260 செ.மீ. கடையில் படகோடு தரும் 230 செ.மீ. துடுப்பு, தண்ணீரைத் தொடுவதற்குள் விளிம்பில் தட்டும்.

காற்றடித்தால்?

அகலமான, உயரமான படகுக்கும் உயரமாக உட்கார்ந்திருக்கும் பெரிய ஆளுக்கும் காற்று ஒரு சுமைதான். இங்கே வசந்தகாலத்தில் தெற்குக் காற்று மதியத்துக்கு மேல் வலுக்கும். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அது தள்ளிக்கொண்டு வரும். நங்கூரத்தை ஒருபோதும் பக்கவாட்டில் கட்டாதீர்கள், முன்முனை அல்லது பின்முனையில்தான். பிப்ரவரி, மார்ச்சில் வெயில் சுட்டாலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். உடையைத் தண்ணீரின் குளிருக்கு ஏற்றபடி போடுங்கள்.

காரில் ஏற்ற முடியுமா?

77 பவுண்டுப் படகை ஒரு முனை ஒரு முனையாக ஏற்றலாம். ஹோபி 14-இன் எடை, எல்லாம் மாட்டிய நிலையில், 140 பவுண்டைத் தாண்டும், கூரையில் ஏற்ற நினைக்காதீர்கள். பல கார்க் கூரைகளின் வரம்பு 165 பவுண்டுக்குள்தான், படகைக் கட்டும் கூரைச் சட்டமான ராக்கின் எடையும் அதில் சேரும். பிக்கப் அல்லது சின்ன டிரெய்லர்தான் வழி. பிக்கப்பின் பின்னால் 4 அடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்புக் கொடி கட்ட வேண்டும். சக்கர வண்டி ஒன்றும் சேர்த்து வாங்குங்கள், கார் நிறுத்துமிடத்திலிருந்து தண்ணீர் வரை இழுக்க.

லைசென்ஸ், பதிவு எல்லாம் வேண்டுமா?

துடுப்பு, பெடல் படகுக்குப் பதிவு வேண்டாம். சின்ன மின் மோட்டார் மாட்டினாலும் பதிவு செய்தாக வேண்டும். மீன்பிடி லைசென்ஸ் 17 வயதிலிருந்து தேவை. தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் டெக்சாஸில் வசித்தவருக்கு உள்ளூர்க் கட்டணம்தான். மாநிலப் பூங்காவில் கரையில் நின்று பிடித்தால் லைசென்ஸ் வேண்டாம் என்பதைக் கேட்டுவிட்டு, அதே பூங்காவிலிருந்து ஏரிக்குள் கயாக்கில் போகிறவர்கள் உண்டு. படகில் ஏறி ஏரிக்குள் போனால் அந்தச் சலுகை கிடையாது. ஒரு விசிலும், இருட்டினால் காட்ட வெள்ளை விளக்கும் வைத்திருங்கள். லார்ஜ்மவுத் பாஸுக்குப் பொது விதி: குறைந்தது 14 அங்குலம், நாளுக்கு 5. சில ஏரிகளில் விதி வேறு, போகும் ஏரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய படகு வாங்கலாமா?

வாங்கலாம், இந்த அகலப் படகுகள் நன்றாக உழைக்கும். புரட்டிப் போட்டு ஸ்கப்பர் ஓட்டைகளின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், கீறல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். தரையில் இழுத்த படகின் பின்முனை தேய்ந்திருக்கும், நகத்தால் அழுத்தினால் மெலிந்திருப்பது தெரியும். இருக்கைக்கு நேர் கீழே அடிப்பாகம் உள்வாங்கியிருந்தால், கனமான ஆள் வருடக்கணக்கில் உட்கார்ந்ததாலா, வெயிலில் ராக்கில் இறுக்கிக் கட்டியதாலா என்று விற்பவரிடமே கேளுங்கள். பிறகு அவரையும் அழைத்துக்கொண்டு ஏரிக்குப் போய், அரை மணி நேரம் உட்கார்ந்து, இறங்கி, மேல்தளத்து மூடியைத் திறந்து படகின் உட்கூட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விலை பேச வேண்டாம்.